மூன்று விரல் இறக்கம்

காரை எதற்கு இறக்குகிறார்கள் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: பார்க்க கெத்தாக இருக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள சந்து குறைந்து, வண்டி தரையோடு தரையாகப் பதுங்கி நின்றால் சில பேருக்கு அதில் ஒரு சுகம். இருக்கட்டும், அவரவர் ஆசை அவரவருக்கு. ஆனால் பல்கூடத்தில், அதாவது டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிற இடத்தில், பல் கட்டுகிற இவளுக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது. அவளுடைய சின்னக் காரை ரோட்டில் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று அவளும் நினைத்ததில்லை. அவளுக்கு வேண்டியது நாலரை சென்டிமீட்டர். அது கிடைத்தால் அவளுடைய அக்கா வெளியூர் வேலைக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் அக்கா போக மாட்டாள்.

விஷயம் இதுதான். பதினோரு வருடமாக அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. எப்படி, ஏன் என்று கேட்டால், "அது பழைய கதைங்க, எனக்கே போரடிச்சுடுச்சு" என்று பேச்சை மாற்றிவிடுவாள். பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கையால் இயக்கும்படி மாற்றிய சின்னக் கார் ஒன்று வைத்திருந்தாள். தினமும் அதில்தான் வேலைக்குப் போய் வருவாள். முன்பெல்லாம் கையை ஊன்றி ஒரே எம்பில் சக்கர நாற்காலியிலிருந்து சீட்டுக்குத் தாவிவிடுவாள். இரண்டு வருடத்துக்கு முன் வலது தோளில் தசைநார் கிழிந்தது. தைத்தார்கள், ஆறியது. ஆனால் இனிமேல் தாவக்கூடாது, வேண்டுமானால் பலகை போட்டு நகர்ந்து போகலாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பலகை என்றால் வழுவழுப்பான ஒரு மரப்பலகை. ஒரு முனை நாற்காலியில், மறுமுனை கார் சீட்டில். அதன்மேல் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர வேண்டும். இறங்கும்போது ஒன்றுமில்லை, சறுக்கிக்கொண்டு வந்துவிடலாம். ஏறும்போதுதான் வம்பு. கார் சீட்டு நாற்காலியைவிட உயரம். அந்த மேட்டில் உடம்பை இழுக்கத் தைத்த தோள் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் காலையில் வீட்டு வாசலில் அக்கா தூக்கி உட்கார வைப்பாள். சாயங்காலம் பல்கூடத்து முதலாளியம்மா தூக்கி உட்கார வைப்பாள். இரண்டு வருடமாக இதே கதைதான்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. இருபது வருட அனுபவம். ஈரப் போர்வை மூட்டையைத் தூக்கித் தூக்கி உரம் ஏறிய கை. தங்கையைத் தூக்குவது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. "அடியே பல்லி, நீ ரெண்டு போர்வை மூட்டை வெயிட்கூட இல்லடி" என்பாள். பல் கட்டுகிற வேலைக்குப் போன நாளிலிருந்து தங்கைக்கு வீட்டில் பல்லி என்றுதான் பேர்.

அந்த அக்காவுக்குத்தான் ஒரு கடிதம் வந்தது. இரவு முழுக்கப் பயணம் செய்து போய்ச் சேர வேண்டிய ஒரு ஊரில் புதிய ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள். சலவைப் பிரிவை ஆரம்பத்திலிருந்து அமைத்து நடத்த ஆள் வேண்டுமாம். இவளுடைய பழைய மேற்பார்வையாளர் இவள் பேரைச் சொல்லியிருக்கிறார். மூன்று வாரம் கழித்து வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

"போறியா?" என்று தங்கை கேட்டாள்.

"போய்? காலையில உன்ன யாரு தூக்குவா, எதிர்வீட்டுக்காரரா?"

எதிர்வீட்டுக்காரருக்கு வயது எழுபத்தாறு. இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் தங்கைக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்காவுக்கு வயது நாற்பத்திரண்டு. இந்த மாதிரி ஒரு கடிதம் இன்னொரு முறை வருமா? தான் ஒரு சின்ன மேட்டில் ஏற முடியாததற்காக ஒருத்தியின் வாழ்க்கை வாசலிலேயே நின்றுவிடுவதா? நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அக்காமேல் இல்லை, அந்தக் கார் சீட்டின்மேல்.

நாற்காலியை உயர்த்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். உயர்த்தினால் பல்கூடத்தில் வேலை மேசைக்கு அடியில் முழங்கால் நுழையாது. மெத்தையைத் தடிமனாக்கினால் உடம்பு ஆட்டம் கொடுக்கும். எல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டாள். மறுநாள் காலை அக்கா அவளைத் தூக்க வந்தபோது, "கொஞ்சம் இரு" என்றாள்.

"என்னடி?"

"இந்த சீட்டுக்கும் என் சேருக்கும் எவ்வளவு வித்தியாசம், பாரு."

அக்கா குனிந்து விரலை வைத்துப் பார்த்தாள். "ஒரு மூணு விரல் இருக்கும்."

பல் கட்டுகிறவளுக்கு விரல் கணக்கெல்லாம் ஆகாது. கடிக்கும்போது ஒரு தலைமுடி அளவு உயரமாக இருந்தாலும் பல் டாக்டரிடமிருந்து திரும்பி வந்துவிடும். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தாள். நாற்பத்தாறு மில்லிமீட்டர்.

"அக்கா, நான் ஏறணும்னா அது எறங்கணும்."

"எது?"

"கார்!"

அக்கா நிமிர்ந்து அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு எப்போதும்போல அலாக்காகத் தூக்கி உள்ளே வைத்தாள். "மொதல்ல வேலைக்குப் போடி."

முதலில் போன பட்டறையில் ஒருவன் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஸ்பிரிங்க ரெண்டு சுத்து வெட்டி விட்டுட்டா எறங்கிடும் மேடம். அரை நாள் வேலை."

"வெட்டினா குதிக்காதா?"

"கொஞ்சம் குதிக்கும். பழகிடும்."

பழகிடுமாம்! அவளுக்குச் சுருக்கென்றது. உணர்வில்லாத உடம்புக்கு எதுவும் பழகாது. வலித்தால்தானே பழகுவதற்கு. நாலு வருடத்துக்கு முன் ஒரு மட்டமான மெத்தையில் உட்கார்ந்து, தனக்கே தெரியாமல் தோல் புண்ணாகி, நாலு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தவள் அவள். தினமும் ஒரு மணி நேரம் குலுங்குகிற சீட்டில் உட்கார்ந்தால் மறுபடியும் அதே படுக்கைதான். வண்டி இறங்கவும் வேண்டும், தூக்கிப் போடவும் கூடாது. அவனுக்கு ஒரு நன்றியைச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

பல்கூடத்திலிருந்து டாக்டர்களுக்குப் பல் கொண்டுபோகிற மருந்துக்கடைக்காரர்தான் விரல் அண்ணனைப் பற்றிச் சொன்னார். சஸ்பென்ஷன் வேலை மட்டும்தான் செய்வாராம், வேறு எதையும் தொட மாட்டாராம். பட்டறை ஊரை ஒட்டி ஒரு நீளமான சந்தில் இருந்தது. ஆள் பெரிய உருவம், விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம். டேப் என்ற ஒரு சாமானே அந்தப் பட்டறையில் கிடையாது. எந்த வண்டி வந்தாலும் டயருக்கு மேலே உள்ள சந்தில் விரலை நுழைத்து, "நாலு", "ரெண்டரை" என்று சொல்லுவார். அதனால்தான் அந்தப் பேர். அவர் அவளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பரிதாபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"எறக்கறதுல மூணு வகை இருக்கும்மா," என்றார். "ஒண்ணு, வெட்டறது. அத விடு. ரெண்டாவது, குட்டை ஸ்பிரிங் மட்டும் மாத்தி, பழைய ஷாக்கோட ஓட்டறது. ஷாக்குன்னா அந்த ஸ்பிரிங்க அடக்கி வைக்கற குழாய். மூணாவது, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தமா ஒரே செட்டா மாத்தறது. அதுலயும் மரை போட்டது இருக்கு, வளையத்தத் திருகினா வண்டி ஏறும், எறங்கும்."

"எது நல்லதுண்ணே?"

"நான் சொன்னா நான் விக்கறதத்தான் சொல்லுவேன். நீயே ஏறிப் பாரு. மூணு வகையும் இன்னிக்கு இங்க நிக்குது."

ஏறிப் பார்ப்பதா? மூன்று வண்டியில் மூன்று தடவை இந்த வாழைப்பழ விரல்கள் தூக்கி வைப்பதா? அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். மடியில் டப்பா இருந்தது. டப்பாவில் ஒரு பல் செட். மெழுகில் பல்லை நட்டு, வாயில் வைத்துப் பார்ப்பதற்காகச் செய்கிற மாதிரி. அளவு சரியில்லை என்று டாக்டர் திருப்பி அனுப்பியது, எப்படியும் உருக்கப் போவதுதான்.

"நான் வரலண்ணே. என் பல்லு வரும்."

"என்னது?"

"மெழுகுல நட்டிருக்கேன். தூக்கிப் போட்டா பல்லு கழண்டுடும். சீட்டுல வச்சு, அந்த ஸ்பீடு பிரேக்கர் மேல ஓட்டிட்டு வாங்க."

விரல் அண்ணன் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அந்தப் பல் செட்டை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, வெட்டிய வண்டியின் சீட்டில் உட்கார வைத்தார். சந்துக் கோடியில் இருந்த வேகத்தடை வரை போய்த் திரும்பி வந்தார். இரண்டு முன்பல் காணோம். ஒன்று சீட்டுக்கு அடியிலும் இன்னொன்று கால்மிதியிலும் கிடைத்தன. அவள் பையிலிருந்து மெழுகுக் கத்தியையும் சின்ன லைட்டரையும் எடுத்து, அங்கேயே பல்லைத் திரும்ப நட்டுக் கொடுத்தாள். குட்டை ஸ்பிரிங் வண்டியில் பல் விழவில்லை, ஆனால் ஒரு கடைவாய்ப் பல் சாய்ந்திருந்தது, அதையும் நிமிர்த்தி வைத்தாள்.

"தடையத் தாண்டின பிறகும் நாலு தடவ ஆடிட்டுத்தான் நின்னுச்சு. ஷாக்கு பழசு, அடக்க முடியல," என்றார்.

மூன்றாவது வண்டி மருந்துக்கடைக்காரருடையது. அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு வேகத்தடைக்குப் பக்கத்திலேயே போய்ப் பார்த்தாள். தப் என்று ஒரே சத்தம். அவ்வளவுதான், அதற்கப்புறம் வண்டி பேசாமல் போய்க்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது பல் ஒவ்வொன்றும் நட்டது நட்டபடி அவளைப் பார்த்து இளித்தது.

"இதான்," என்றாள். "மரை போட்டது."

"விலை ஜாஸ்திம்மா."

"என் தோலுக்கு விலை அதவிட ஜாஸ்தி."

தப்பு நடந்தது அதற்கப்புறம்தான். எவ்வளவு இறக்க வேண்டும் என்று அவர் கேட்டார். நாற்பத்தாறு மில்லிமீட்டர் என்றாள் அவள். அவர் முகத்தைச் சுளித்தார். "மில்லிமீட்டர் எல்லாம் எனக்கு ஒத்து வராதும்மா. விரல்ல சொல்லு." அவள் யோசித்தாள். ஸ்கேலை எடுத்து நீட்டியிருக்கலாம். ஆனால் நல்ல மனிதர், அவருடைய பட்டறை, அவருடைய பாஷையில் பேசினால் என்ன குறைந்துவிடும்? அக்கா விரலை வைத்துப் பார்த்தது ஞாபகம் வந்தது.

"மூணு விரல்ணே."

"மூணு போதுமா? நல்லா யோசிச்சுக்கோ."

"கரெக்டா மூணு."

அவர் தலையை ஆட்டினார். இருவருக்கும் திருப்தி. அந்த ஒரு தடவை மட்டும் அவரையே தூக்கி வைக்கச் சொல்லி வீட்டுக்குக் கிளம்பினாள்.

சாமான் வந்து சேரவே பத்து நாள் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை மாட்டி, அலைன்மென்ட் பார்த்து, ஹெட்லைட்டைச் சரிசெய்து, வண்டியை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டார். "நூறு கிலோமீட்டர் ஓடினா இன்னும் ஒரு நூல் உக்காரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை. இதற்காகவே சீக்கிரம் எழுந்து குளித்து, தலை வாரி, பையை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நீ அங்கயே நில்லு. பாத்துட்டு இரு," என்றாள் தங்கை.

நாற்காலிக்கு பிரேக் போட்டாள். பலகையைச் செருகினாள். முதல் நகர்வு, இரண்டாவது நகர்வு. மூன்றாவதில் பலகையின் மேடு தெரிந்தது. பழைய அளவுக்கு இல்லை, ஆனால் மேடு மேடுதான். நாலாவதில் தோள் சுள்ளென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள், உடம்பு அரை விரல் ஏறி, ஒரு விரல் வழுக்கிக் கீழே வந்தது. பலகை சாய்ந்தது. "ஐயோ!" என்று ஓடிவந்து அக்கா அள்ளிப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையோடு தூக்கி சீட்டில் வைத்தாள்.

தங்கைக்குக் கண் நிறைந்து வந்தது, திரும்பிக்கொண்டாள். இவ்வளவு அலைந்து, பல்லையெல்லாம் ஊர்வலம் விட்டுப் பார்த்து வாங்கி, கடைசியில் இதுதானா?

"விடுடி," என்றாள் அக்கா, அவள் கால்களை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டே. "என் கை என்ன தேஞ்சா போயிடும்?"

அன்றைக்கு முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. ஸ்பிரிங் இன்னும் உட்காரவில்லை, நூறு கிலோமீட்டர் ஓடட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். சாயங்காலம் வேண்டுமென்றே ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், வண்டி பட்டு மாதிரி ஓடியது. வேகத்தடை வருவதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்கேலை வைத்தாள். இன்னும் இருபத்தைந்து மில்லிமீட்டர் மேடு. ஒரு நூல் உட்கார்ந்து என்ன ஆகப் போகிறது? நாற்பத்தாறுக்கு இருபத்தொன்றுதான் இறங்கியிருக்கிறது. அவளுக்கு இப்போதுதான் சந்தேகம் வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் லீவு போட்டுவிட்டு, முதலாளியம்மா தூக்கி உட்கார வைக்க, நேரே பட்டறைக்கு விட்டாள்.

"அண்ணே, நான் மூணு விரல்தானே சொன்னேன்?"

"மூணு விரல்தான்மா வச்சிருக்கேன். பாரு." டயருக்கு மேலே உள்ள சந்தில் மூன்று வாழைப்பழங்களையும் அவர் நுழைத்துக் காட்டினார். சிக்கென்று பொருந்தியது. முகத்தில் பெருமை வேறு.

அவள் அந்த விரல்களையே பார்த்தாள். மெதுவாக விளங்கியது.

"அண்ணே, நான் எறக்கச் சொன்னது மூணு விரல்."

"எறக்கினதுக்கப்புறம் இருக்கறதுதான மூணு?"

"இல்லண்ணே! இருந்ததுலேந்து மூணு விரல் கீழ வரணும்!"

விரல் அண்ணன் சந்திலிருந்து விரல்களை உருவிப் பார்த்தார். அவரிடம் வருகிற ஒவ்வொரு ஆளும் "ரெண்டு விரல் வையுங்க", "ஒரு விரல் வையுங்க" என்றுதான் கேட்பான். மிச்சம் இருக்கிற சந்துதான் அவர்களுக்குக் கணக்கு. எவ்வளவு குறைந்தது என்று யாரும் கேட்டதே இல்லை. வண்டிக்கு முதலில் இருந்தது நாலு விரல். அவர் மூன்று வைத்தார், ஒன்றைத்தான் எடுத்தார்.

"அட என் மண்டையே!" என்று நெற்றியில் அறைந்துகொண்டார். "நீ போறதச் சொல்லியிருக்க. நான் இருக்கறத வச்சிருக்கேன். மூணு விரல்னு சொன்னப்பவே நெனச்சேன்மா, இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடுன்னு. வயசுப் பொண்ணு, ரொம்ப எறக்கப் பயப்படுதுன்னு விட்டுட்டேன்."

"அது மட்டும் இல்லண்ணே, கையக் காட்டுங்க." அவருடைய விரல்களுக்குப் பக்கத்தில் தன் மூன்று விரலை வைத்தாள். அவருடைய இரண்டே கால் விரலுக்கு அவளுடைய மூன்று சரியாக இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. கோபமாகத்தான் வந்தாள், ஆனால் யார்மேல் கோபப்படுவது? ஸ்கேலைப் பைக்குள் வைத்துக்கொண்டு விரலால் பேசியது அவள்தானே.

"இனிமே இது பேசட்டும்," என்று ஸ்கேலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மரை போட்டதை வாங்கியது அப்போதுதான் உதவியது. சாமானை மாற்ற வேண்டியதில்லை, வளையத்தைத் திருகினால் போதும். நாலு சக்கரத்தையும் கழற்றித் திருகி, மறுபடி அலைன்மென்ட் பார்த்து முடிக்க இரண்டு மணி நேரம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஸ்கேலைப் படித்தார். நாற்பத்தாறு. வண்டி கெத்தாக வேறு இருந்தது. அதற்கு அவள் பொறுப்பில்லை. அன்றைக்கும் அவரையே தூக்கி வைக்கச் சொன்னாள், முதல் ஏற்றத்தை அக்கா பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அவள் எதுவும் சொல்லவில்லை. கதவைத் திறந்தாள், பிரேக் போட்டாள், பலகையைச் செருகினாள். பலகை மட்டமாக நின்றது. அக்கா இரண்டடி தள்ளி, கையை முன்னால் நீட்டியபடி நின்றுகொண்டிருந்தாள்.

முதல் நகர்வு. இரண்டாவது. அக்கா ஓரடி முன்னால் வந்தாள்.

"கை!" என்றாள் தங்கை. அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

மூன்றாவது நகர்வு. பலகையின் நடுவில் உடம்பு ஒரு கணம் ஆடியது. தோளில் லேசாக இழுத்தது, ஆனால் சுள்ளென்று குத்தவில்லை. நாலு. ஐந்து. ஆறாவதில் சீட்டின் துணி உள்ளங்கையில் பட்டது. ஏழாவதில் அவள் காருக்குள் இருந்தாள். வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள், இடது காலை வைத்தாள். பலகையை உருவிப் பின்னால் போட்டாள். நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றி மடிமேல் ஏற்றிப் பக்கத்து சீட்டில் வைத்தாள், பிறகு சட்டத்தை வைத்தாள். பெல்ட் போட்டாள். வியர்த்துக் கொட்டியது. கடிகாரத்தைப் பார்த்தாள், பதினோரு நிமிடம். பழகப் பழகக் குறையும்.

"ஏறிட்டேன்," என்றாள். "அக்கா, ஏறிட்டேன்! இப்பவே போன் பண்ணி வரேன்னு சொல்லு."

அக்கா சிரிக்கவில்லை. அவளுடைய கைகள் இரண்டு பக்கமும் சும்மா தொங்கின.

"நான் புதன்கிழமையே வரலன்னு சொல்லிட்டேன்டி."

"என்னது?"

"நீ விழப் பாத்தல்ல, அன்னிக்கு. மத்தியானம் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"இன்னிக்கு வரைக்கும் டைம் இருந்துச்சே! உனக்கென்ன அவ்வளவு அவசரம்?"

அக்கா காரின் கூரையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். பிறகு ஜன்னலில் சாய்ந்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"தங்கச்சியால ஏற முடியல, அவளுக்கு வேற ஆள் இல்லன்னு அந்தப் புது ஆஸ்பத்திரி அம்மாகிட்ட சொன்னேன். பொய் இல்லையே, நெஜந்தானே. ஆனா சொல்லி முடிச்சதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுடி. அங்க போனா எல்லாம் நான்தான் முடிவு பண்ணணும். எந்த மெஷின எங்க வைக்கறது, எத்தன ஆளு எடுக்கறது. எனக்கு வேலை செய்யத் தெரியும், வேலை வாங்கத் தெரியுமா? எல்லாம் தப்பாப் போச்சுன்னா? இங்கயே இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பாவம், தங்கச்சியப் பாத்துக்கறான்னுதான் சொல்லுவாங்க."

தங்கை அவளை முறைத்தாள். இரண்டு வருடமாக இவள் வாழ்க்கையைத் தான்தான் மறித்துக்கொண்டு நிற்கிறோம் என்று நினைத்து நினைத்து, சாப்பிடாமல், தூங்காமல் புழுங்கியதெல்லாம் இதற்கா?

"அப்ப இவ்வளவு நாளா நான் உனக்கு லீவ் லெட்டரா?"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆமாடி."

அந்த ஒரு வார்த்தையில் தங்கையின் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஈர மூட்டைக்கே அசராத அக்கா பயப்படுவதை அவள் முதன்முதலாக இப்போதுதான் பார்க்கிறாள்.

"பயமா இருந்தா பயந்துக்கிட்டே போ. இப்ப அந்தப் பலகை நடுவுல உக்காந்திருந்தப்ப எனக்கு மட்டும் எப்படி இருந்துச்சுன்னு நெனச்ச? போன எடு."

"இப்பவேவா?"

"எனக்கு வேலைக்கு நேரமாச்சு. எடு."

அக்கா போனை எடுத்தாள். விரல் தடுமாறி இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது முறை மணி அடித்தது, ஸ்பீக்கரில் போட்டாள். எதிர்முனையில் அந்தம்மா அவளை ஞாபகம் வைத்திருந்தாள். இன்னும் யாரையும் எடுக்கவில்லையாம், சாயங்காலம்தான் முடிவு பண்ணப் போகிறார்களாம். தங்கை இன்ஜினைக் கிளப்பினாள். கியரை ரிவர்சில் போட்டாள். வண்டி வாசலை விட்டு மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. அக்கா போனோடு கூடவே நாலு எட்டு நடந்து வந்து, ரோட்டோரத்தில் நின்றாள்.

"ஆனா உங்க தங்கச்சிக்கு யாரும் இல்லன்னு சொன்னீங்களே," என்று அந்தம்மாவின் குரல் கேட்டது. "அவங்க என்ன பண்ணுவாங்க?"

அக்கா காரைப் பார்த்தாள்.

"அவளா? அவ கிளம்பிட்டா மேடம்," என்றாள். "நான்தான் இன்னும் கிளம்பல."